மூடிய கடையில் துணி கிழியும் சத்தம்

இப்போதும் எப்போதாவது யாராவது கள்ளக்குறிச்சியில் என் அப்பா நடத்தும் ஜவுளிக்கடைக்கு வந்து, துணி எதுவும் பார்க்காமல் ஓரமாக நிற்பார்கள். மூங்கில்துறைப்பட்டில் கரும்பு போடுகிற ஒருவர் வந்தார். ரிஷிவந்தியத்திலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். எல்லோருக்கும் ஒரே கதைதான். பிள்ளைக்குப் புற்றுநோய் வந்து, போய், திரும்பவும் வந்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு புது மருந்தைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துச் சோதிக்கிறார்களாம். சேர்ப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. அத்தா அவர்களுக்கு டீ சொல்லிவிட்டு மாடிப்படியைப் பார்த்து, "சபீனா, கொஞ்சம் கீழ வாம்மா" என்று கூப்பிடுவார்.

நான் இறங்கி வந்ததும் முதலில் என் வயிற்றைப் பார்ப்பார்கள், அப்புறம் முகத்தை. இந்தப் பெண் உயிரோடு நடமாடுகிறாள் என்பதுதான் அவர்களுக்கு வேண்டிய பதில். அது கிடைத்ததும் பாதிப்பேர் எழுந்துவிடுவார்கள். மீதியை நான் சொல்ல ஆரம்பிப்பதற்குள் பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். அந்த மீதியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எனக்குப் பதினோரு வயதில் விட்டு விட்டுக் காய்ச்சல் வந்தது. ஊரில் டாக்டர் முதலில் பூச்சி மாத்திரை கொடுத்தார், பிறகு டைஃபாய்டு என்றார். உடம்பு வற்றிக்கொண்டே போக, வயிறு மட்டும் ஒரு பக்கமாக மேடு தட்டியது. ஸ்கேன் எடுத்தவர் என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அத்தாவோடு பேசினார். வெளியே வந்த அத்தா எனக்கு ஒரு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தார். கேட்காமல் எதையும் வாங்கித் தருகிறவர் அல்ல அவர். பாதி டம்ளர் குடிப்பதற்குள் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

புற்றுநோயில் ரத்தத்தில் வருவது ஒரு வகை. உடம்பில் ஓரிடத்தில் கட்டியாகத் திரண்டு வளர்வது இன்னொரு வகை. என்னுடையது இரண்டாவது, அதிலும் அபூர்வமான ரகம். சென்னையில் அறுவை செய்து எடுத்தார்கள். முழுசாக வந்துவிட்டது, இனிப் பயமில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டில் பிரியாணி ஆக்கித் தெருவுக்கே கொடுத்தார்கள். எட்டாம் வகுப்பு முழுப்பரீட்சை நேரத்தில் மறுபடி அதே காய்ச்சல். அம்மா என் நெற்றியில் கையை வைத்தாள். வைத்த கையை அவள் வெகுநேரம் எடுக்கவே இல்லை.

இந்த முறை குடலோடு ஒட்டி ஒன்றும், அதற்கு மேலே சின்னச் சின்னதாகச் சிலவும் இருந்தன. கத்தி வைத்தால் குடலில் பெரும்பகுதி போய்விடும் என்றார்கள். கீமோ கொடுத்தார்கள். முடி போனது, வாய் வெந்தது, கட்டி அசையவில்லை. அப்போதுதான் டாக்டரம்மா எங்களை ஒரு சின்ன அறைக்குக் கூப்பிட்டுப் புது மருந்தைப் பற்றிச் சொன்னார்.

"இந்தக் கட்டிக்குள்ள ரெண்டு மரபணு தப்பா ஒட்டிக்கிட்டு இருக்கு. அதனால வளரு வளருன்னு ஒரு உத்தரவு நிக்காம போயிட்டே இருக்கு. கீமோ நல்ல செல்லு கெட்ட செல்லுன்னு பாக்காம எல்லாத்தையும் அடிக்கும். இந்த மருந்து அந்த ஒட்டுன சமாச்சாரத்துல மட்டும் போய் உக்காந்து உத்தரவ நிறுத்தப் பாக்கும்."

அத்தா யோசித்துவிட்டுக் கேட்டார். "வேற வேற துணிய மாத்தி வச்சி தச்சிட்ட மாதிரிங்களா?"

"அப்படித்தான் வெச்சுக்கோங்க. தையலப் பிரிக்க நம்மால முடியாது. அதோட வேலைய நிறுத்தலாம்."

"இதுல சரியாயிடுமா?" இது அம்மா.

டாக்டரம்மா மழுப்பவில்லை. "பெரியவங்களுக்குக் கொடுத்துப் பாத்திருக்கோம். புள்ளைங்களுக்கு எவ்வளவு கொடுத்தா தாங்கும்னுதான் இப்ப பாக்குறோம். மொத கேள்வி அது. கட்டி கரையுமாங்கறது அதுக்கு அடுத்த கேள்வி. முன்னாடி சேர்ந்த புள்ளைங்களுக்குக் கம்மியான அளவு கொடுத்தோம், தாங்கினாங்க. இப்ப சேர்றவங்களுக்கு அதவிட ஒரு படி ஜாஸ்தி."

பிறகு என் பக்கம் திரும்பினார். அப்பா அம்மா கையெழுத்து மட்டும் போதாது, எனக்கும் விருப்பம் இருக்க வேண்டும் என்றார். வேண்டாம் என்றால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நடுவில் எப்போது வேண்டாம் என்று தோன்றினாலும் நிறுத்திக்கொள்ளலாம். என் உடம்பைப் பற்றி என்னிடம் யாரும் அதுவரை அனுமதி கேட்டதில்லை. எனக்கு என்ன கேட்பதென்று தெரியவில்லை. "மருந்துக்குப் பேர் இன்னாங்க?" என்றேன்.

"இன்னும் பேர் வைக்கலம்மா. எழுத்தும் நம்பரும்தான்."

நான் என் பெயரை முழுசாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

என்னோடு அதே அளவில் சேர்ந்தவள் மல்லிகா. கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கும் அப்பால் அவள் ஊர். ஏழு வயது. அவளுக்குச் சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் சுரப்பியில் தொடங்கி எலும்பு வரை போன வேறு வகைக் கட்டி. ஒருமுறை அடங்கித் திரும்பி வந்திருந்தது. கட்டி வேறாக இருந்தாலும் நிற்காத அந்த உத்தரவு எங்கள் இருவருக்கும் பொது. அவளோடு வந்தது அவள் அம்மா பச்சையம்மாள் மட்டும். அவர்கள் மலையிலிருந்து இறங்கிக் கள்ளக்குறிச்சி வந்துதான் சென்னை பஸ் பிடிக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு முறையும் நாங்கள் ஒன்றாகவே போனோம், ஒன்றாகவே திரும்பினோம். அம்மா இரண்டு குடும்பத்துக்கும் சேர்த்துத் தக்காளிச் சோறு கட்டுவாள். பச்சையம்மாள் வேகவைத்த பலாக்கொட்டை கொண்டு வருவாள்.

மருந்து ஒரு சாதாரண கேப்சூல். முதல் நாள் அதை விழுங்குவதற்கு முன்னும் பின்னும் நாள் முழுக்க ரத்தம் எடுத்தார்கள். மருந்து எவ்வளவு வேகமாக ரத்தத்தில் ஏறுகிறது, எவ்வளவு நேரம் தங்குகிறது என்று பார்ப்பதற்கு. ஒவ்வொரு தடவையும் குத்தாமல் கையிலேயே ஒரு குழாயைப் பொருத்தி வைத்திருந்தார் கலா சிஸ்டர். சோதனையில் இருக்கும் பிள்ளைகளைக் கவனிப்பதுதான் அவர் வேலை. கிளம்பும்போது தன் போன் நம்பரைக் கொடுத்து, "தலை வலிச்சாலும் சொல்லணும், காரணமில்லாம சிரிப்பு வந்தாலும் சொல்லணும்" என்றார். அம்மாவுக்கு அது வேடிக்கையாக இருந்தது.

முதலில் வந்தது வெளிச்சம். இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வந்தால் அசைகிற எல்லாவற்றுக்கும் ஒரு வால் முளைத்தது. அம்மா தோசை திருப்பினால் கரண்டிக்குப் பின்னால் இன்னும் பல கரண்டிகள் வரிசையாக வந்து அடங்கும். தெருவில் போகும் ஷேர் ஆட்டோவின் விளக்கு நூலாக இழுபடும். இப்படி வரும் என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்ததால் பயமில்லை. மல்லிகாவுக்கு அது விளையாட்டு. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, தன் கையைக் கண்ணுக்கு முன்னால் ஆட்டி ஆட்டிப் பார்த்துக்கொண்டே வருவாள்.

அடுத்த ஸ்கேனில் பெரிய கட்டி பாதியாகியிருந்தது. எனக்கே தெரிந்தது. பாவாடை நாடா சமமாக நின்றது, காய்ச்சல் இல்லை, பசித்தது. டாக்டரம்மா படத்தைக் காட்டியபோது அம்மா அந்தத் திரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அதற்குப் பிறகுதான் வார்த்தைகள் தடுக்க ஆரம்பித்தன. 'தண்ணி' என்று சொல்ல வாயைத் திறப்பேன், சொல் வராது. கொஞ்ச நேரம் கழித்து, யாரும் கேட்காதபோது வரும். அசதி என்று நினைத்தோம்.

எங்கள் வீடு கடைக்கு மேலே. உள்ளுக்குள்ளேயே படி இருக்கிறது. நான் பிறந்ததிலிருந்து பகலெல்லாம் கேட்ட சத்தம் அத்தா துணி கிழிப்பது. அளந்து, கத்தரியால் ஒரு வெட்டு வெட்டி, இரண்டு கையாலும் ஒரே இழுப்பு. பாப்ளினுக்கு ஒரு சத்தம், காடாத் துணிக்கு ஒரு சத்தம். கண்ணை மூடிக்கொண்டே எந்தத் துணி என்று சொல்வேன். கடையின் பின்தட்டில் கஃபன் துணியும் இருக்கும். இறந்தவர்களுக்குப் போர்த்தும் வெள்ளை. அதை வாங்க வருகிறவர்களிடம் அத்தா விலை பேசமாட்டார், லாபமும் வைக்கமாட்டார். அந்தத் துணி கிழியும் சத்தம் மற்றதைவிடக் கொஞ்சம் நீளம்.

அந்தச் சத்தம் அடிக்கடி கேட்பதாக எனக்குத் தோன்றியது. மதியம் படுத்திருக்கும்போது கேட்கும். ஊரில் இன்று யாரோ மவுத்தாகிவிட்டார்கள் போல என்று நினைத்துக்கொள்வேன். மறுநாளும் கேட்கும். ஒரு வாரம் இப்படிப் போனது. இத்தனை பேர் இறக்கிறார்களே, பள்ளிவாசலில் அறிவிப்பு ஒன்றும் இல்லையே என்று யோசித்தேன். ஆனாலும் கீழே கடை இருக்கிறது, அத்தா இருக்கிறார், சத்தம் வருவதில் என்ன இருக்கிறது?

ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்மாவுக்காகக் கடையைப் பூட்டிவிட்டு அத்தா பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். அம்மா உள்ளறையில் தொழுதுகொண்டிருந்தாள். தெருவே அடங்கிக் கிடந்தது. கீழே ஒரு வெட்டு. பிறகு அந்த நீளமான இழுப்பு.

நான் எழுந்து படியில் இறங்கினேன். கடைக்குள் இருட்டு. ஷட்டருக்கும் தரைக்கும் நடுவே கத்தி முனை போல ஒரு கோடு வெளிச்சம் மட்டும். துணிக்கட்டுகள் அடுக்கியபடி இருந்தன. கத்தரி அதன் ஆணியில் தொங்கியது. யாரும் இல்லை. ஆனால் பின்தட்டுக்குப் பக்கத்திலிருந்து அத்தாவின் குரல் கேட்டது. அவர் வாடிக்கையாளர்களிடம் பேசும் அதே அடங்கிய குரல்.

"எவ்வளவு வேணுங்க?"

இன்னொரு குரல் பதில் சொன்னது. ஆணா பெண்ணா என்று தெரியவில்லை.

"சின்ன ஒடம்புதானே. கம்மியாவே போதும்."

என்னால் படியேற முடியவில்லை. அப்போது வெளியிலிருந்து பூட்டு திறக்கும் சத்தம் கேட்டு, ஷட்டர் மேலே போனது. வெயில் மொத்தமாக உள்ளே விழுந்தது. அந்த வெளிச்சத்தில் தொப்பியோடு அத்தா நுழைந்தார், அவருக்குப் பின்னாலேயே இன்னும் பல அத்தாக்கள் வரிசையாக நுழைந்து அவருக்குள் அடங்கினார்கள். சற்று முன் உள்ளே பேசிக்கொண்டிருந்தவர் வெளியிலிருந்து வருகிறார்.

"இன்னாம்மா, இருட்டுல வந்து நிக்கிற?"

"அத்தா, யாருக்கு கஃபன் கிழிச்சீங்க?"

அவர் என்னையே பார்த்தார். பின்தட்டைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என் தோளைப் பிடித்து மாடிக்குக் கூட்டிப்போனார். படியேறிய அவர் காலின் ஒவ்வொரு அடிக்கும் ஒரு வால்.

நான் கேட்டதை எல்லாம் சொன்னேன். அன்று மாலையே அத்தாவின் அக்கா, என் குப்பி, வந்துவிட்டாள். இது காத்துக் கருப்பு சமாச்சாரம், ஓதிப் பார்க்க வேண்டும் என்றாள். பள்ளிவாசலிலிருந்து, ஓதுகிற அசரத் ஒருவரைக் கூட்டி வந்தாள். அவர் ஓதி, தண்ணீரில் ஊதிக் கொடுத்தார். கிளம்பும்போது, "புள்ள இன்னா மருந்து சாப்புடுது?" என்று கேட்டார். அதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை என்று அத்தா சொன்னார். அசரத் செருப்பு மாட்டிக்கொண்டே, "பேரில்லாத ஒண்ண உள்ள உட்டுட்டு, வெளியில இருந்து எது வந்துச்சின்னு என்னக் கேக்குறீங்களே" என்றார்.

மருந்துதான் காரணம் என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. புரிந்ததால் வீடு இன்னும் கனத்தது. ஏனென்றால் ஆஸ்பத்திரியில் சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்கள்.

"சொல்லத் தேவையில்ல," என்றாள் அம்மா. "சத்தந்தானே கேக்குது? கேட்டுட்டுப் போவுது. கட்டி கரையுதுல்ல?"

அத்தா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாங்க, நீங்களாச்சும் சொல்லுங்க. நிறுத்திட்டா மறுபடி எங்க போவோம்? வேற இன்னா இருக்குது?"

"அவ பயந்துக்கினு இருக்கா, நூரு."

"பயந்துக்கினாவது இருக்கட்டும். இருக்கட்டும்ங்கறேன்."

அம்மா இதைச் சத்தமாகச் சொல்லவில்லை. அவள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். அவள் சொன்னதில் தவறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. இன்று வரை தெரியவில்லை. ஆனால் கீழே மறுபடி அந்த இழுப்பு கேட்டது, அம்மா பேசிக்கொண்டிருக்கும்போதே. நான் மட்டும் தலையைத் திருப்பினேன். அம்மா அதைக் கவனித்துவிட்டாள்.

நான் அம்மாவின் போனை எடுத்துக் கலா சிஸ்டருக்குப் போட்டேன். அம்மா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிடுங்கவில்லை. வார்த்தை தடுக்கித் தடுக்கி நான் சொல்லி முடிக்கும் வரை சிஸ்டர் பொறுமையாகக் கேட்டார். "நல்ல வேலை செஞ்ச. இன்னிக்கு கேப்சூல் போடாத. காலைல கெளம்பி வந்துடுங்க" என்றார். பிறகு, "உன் கூட வர்றாளே மல்லிகா, அவங்களுக்குப் போன் போகவே மாட்டேங்குது. பஸ் ஸ்டாண்டுல பாத்தா வரச் சொல்றியா?" என்றார். மலையில் அவர்கள் ஊரில் சிக்னல் கிடையாது. அத்தா அங்கே போகும் பஸ் கண்டக்டரிடம் சொல்லியனுப்பினார். அடுத்த நாள் மதியம் பச்சையம்மாளும் மல்லிகாவும் எங்கள் பின்னாலேயே ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார்கள்.

டாக்டரம்மா என் கட்டிலில் உட்கார்ந்து கேட்டார். "அந்தக் குரல் உன்ன ஏதாவது செய்யச் சொல்லுதா?"

"இல்லீங்க. என்கிட்ட பேசல. என்னப் பத்திதான் பேசிக்கிறாங்க."

அவர் தலையசைத்தார். இந்த மருந்து மூளைக்குள்ளும் போகும். கட்டி அங்கே போய் ஒளிந்துகொள்ளக் கூடாது என்று வேண்டுமென்றே அப்படிச் செய்த மருந்து அது. "போற எடத்துல அது சும்மா இருக்குறது இல்ல. பேச்சு, காது, மனசு, எல்லாத்தையும் கொஞ்சம் தொட்டுப் பாக்குது. நீ பயப்படுற விஷயத்தையே எடுத்து உனக்குக் கேக்க வைக்குது. நிறுத்தினா போயிடும்."

அடுத்த கட்டிலில் மல்லிகா காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டாக்டரம்மா அவளிடம் திரும்பினார். "உனக்கு ஏதாவது கேக்குதாடா தங்கம்?"

"தம்பி பேசுவான்," என்றாள் மல்லிகா.

"உன் தம்பியா? ஊர்ல இருக்கானா?"

"இங்கதான்." தன் காதுக்குப் பக்கத்தில் காற்றைக் காட்டினாள்.

பச்சையம்மாள், "இவளுக்கு ஏதுங்க தம்பி" என்று டாக்டரம்மாவிடம் சொன்னாள். அன்று சாயங்காலம் துணி துவைக்கும் இடத்தில் என் அம்மாவிடம் வேறு சொன்னாள். மல்லிகா தவழ்கிற வயதில் ஒரு ஆண் குழந்தை பிறந்ததாம். கொஞ்ச நேரந்தான் இருந்ததாம். பெயர் வைக்கவில்லை. இவளிடம் அதை யாரும் சொன்னதே இல்லை.

வீட்டில் பெரியவர்கள் பேசியது என்றைக்காவது காதில் விழுந்திருக்கும். பிள்ளைகள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். நான் இன்றும் அப்படித்தான் நம்புகிறேன். ஆனால் அன்று மல்லிகா படுத்தபடி, யாரோ சொல்வதைக் கேட்டு, நடுவில் "ம்ம்" கொட்டி, சரியான இடத்தில் சிரித்ததை அடுத்த கட்டிலிலிருந்து பார்த்தவள் நான்.

இருவருக்கும் மருந்தை நிறுத்தினார்கள். எனக்கு அந்தச் சத்தம் ஒரேயடியாகப் போகவில்லை. தினமும் கொஞ்சம் தள்ளிப் போனது. கடையை யாரோ தெருக்கோடிக்கு நகர்த்தியது போல, பிறகு பஸ் ஸ்டாண்டுக்கு அப்பால் நகர்த்தியது போல. ஒரு காலையில் எழுந்தபோது காப்பிக்காரரின் குரலும், மேலே ஓடும் மின்விசிறியும்தான் கேட்டன. அம்மாவிடம் சொன்னேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டாள், அதே கையால் என் நெற்றியையும் தொட்டுப் பார்த்தாள். மருந்தில்லாத அந்த நாட்களில் கட்டி வளர்கிறதா என்ற பயம் எங்கள் எல்லோருக்கும் இருந்தது. நான் வயிற்றைத் தடவிப் பார்ப்பதும், அம்மா நான் தடவுவதைப் பார்ப்பதும், இருவரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வதும் அந்த வார்டில் எங்களுக்கு ஒரு வேலையாகவே ஆகிவிட்டது.

மல்லிகாவுக்கும் நின்றது. எனக்குப் போனது நிம்மதி. அவளோ காலையில் எழுந்து சுற்றும் முற்றும் பார்த்தாள். போர்வையை உதறிப் பார்த்தாள். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். பிறகு அழத் தொடங்கினாள். டாக்டரம்மா வந்தபோது அவர் கோட்டைப் பிடித்துக்கொண்டு, "தம்பிய ஏன் அனுப்பிட்டீங்க?" என்று கேட்டாள். டாக்டரம்மா அவள் பக்கத்தில் உட்கார்ந்து, உதறிக் கிடந்த போர்வையை எடுத்து மடித்தார்.

பிறகு இருவருக்கும் ஒரு படி குறைத்து மறுபடி ஆரம்பித்தார்கள். பச்சையம்மாள் உடனே சம்மதித்தாள். மல்லிகா கேப்சூலைக் கேட்டு வாங்கி விழுங்கினாள். அவன் வருவான் என்று நினைத்தாள். அவன் வரவில்லை. எனக்கும் எதுவும் கேட்கவில்லை. எங்களுக்குப் பின்னால் சேர்ந்த பிள்ளைகளுக்கு அந்தக் குறைந்த அளவுக்கு மேல் கொடுப்பதில்லை என்று முடிவானதாகக் கலா சிஸ்டர் பிறகு சொன்னார். எவ்வளவு தாங்கும் என்ற கேள்விக்கு நாங்கள் கேட்ட குரல்களே பதிலாகிவிட்டன.

வீட்டுக்குத் திரும்பிய அன்று கடை வழியாகத்தான் மாடிக்கு ஏறினேன். பின்தட்டு காலியாக இருந்தது. அந்த வெள்ளைத் துணியை எல்லாம் அத்தா தன் கூட்டாளி கடைக்கு அனுப்பிவிட்டார் என்று குப்பி சொல்லித்தான் தெரிந்தது. கேட்டு வருகிறவர்களிடம், "அடுத்த தெருவுல கெடைக்குமுங்க" என்று மட்டும் சொல்வாராம்.

குறைந்த அளவே எனக்குப் போதுமாக இருந்தது. கட்டி சுருங்கிச் சுருங்கி, ஸ்கேனில் ஒரு தழும்பு போல நின்றது. நான் பள்ளிக்குத் திரும்பினேன். இப்போது கல்லூரியில் படிக்கிறேன். மருந்தை நிறுத்திப் பார்க்கலாமா என்று சமீபத்தில்தான் பேச ஆரம்பித்திருக்கிறார்கள். ரத்தத்தில் கொழுப்பு ஏறியதற்குத் தனியாக மாத்திரை சாப்பிட்டேன், கால் வீங்கும், சில சொற்கள் இன்னும் தாமதமாக வரும். சேரலாமா என்று கேட்டு வருகிறவர்களிடம் இதையெல்லாம் சொல்கிறேன். சேருங்கள் என்றோ வேண்டாம் என்றோ சொல்வதில்லை.

ஏனென்றால் மல்லிகாவும் அதே மருந்தைத்தான் சாப்பிட்டாள். கொஞ்ச காலம் அவள் எலும்பு வலி போய், மலையில் ஆட்டுக்குட்டிகளோடு ஓடினாள். பிறகு ஒரு ஸ்கேனில் புதுப் புள்ளிகள் தெரிந்தன. கட்டி வேறு வழி கண்டுபிடித்துக்கொண்டது என்றார் டாக்டரம்மா. இனி இந்த மருந்தால் பயனில்லை என்று சோதனையிலிருந்து எடுத்துவிட்டார்கள். வலிக்கு மட்டும் மருந்து கொடுத்து ஊருக்கு அனுப்பினார்கள். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் அவளைக் கடைசியாகப் பார்த்தேன். தாயின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அவள் போய்விட்ட செய்தி கண்டக்டர் மூலமாகத்தான் வந்தது. கொஞ்ச நாள் கழித்து அத்தாவும் நானும் மலைக்குப் போனோம். பஸ் வளைந்து வளைந்து ஏறியது. சாலையில் இறங்கிக் கொஞ்ச தூரம் மேட்டில் ஏறினோம். கடுக்காய் மரங்களுக்கு நடுவே தகரம் போட்ட வீடு. பச்சையம்மாள் எங்களைப் பார்த்ததும் அழவில்லை. உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்தாள். அத்தா கொண்டுபோன பழங்களை வாங்கிக் கீழே வைத்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் இருவர் வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார்கள்.

அத்தா கை கழுவ வெளியே போனதும் அவள் என் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"கண்ணு, நீ இன்னும் அந்த மருந்த சாப்புட்டுக்கினுதானே இருக்க?"

"ஆமாங்க. கம்மியா."

"இப்ப ஏதாச்சும் கேக்குதா?"

"இல்லீங்க."

"வூட்டுல கேக்காது. இங்க வந்து நீ கேட்டுப் பாக்கலல்ல?"

எனக்குப் புரிய ஒரு நொடி ஆனது.

"அவ படுத்துக்கினு இருந்த எடம் இதான்," என்று மூலையில் விரித்திருந்த பாயைக் காட்டினாள். "கொஞ்ச நேரம் உக்காந்து பாக்குறியா? அவ ஏதாச்சும் சொன்னா எங்கிட்ட சொல்லு. எனக்கு எவ்ளோ கேட்டாலும் ஒண்ணும் கேக்கல. நான் மருந்து சாப்புடலையே."

அது அப்படி வேலை செய்யாது, அது என் பயம்தான், என் தலைக்குள்தான் இருந்தது என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல் வரவில்லை. இந்த முறை அது மருந்தால் அல்ல. எழுந்து போய் அந்தப் பாயில் உட்கார்ந்தேன்.

பச்சையம்மாள் வாசலுக்குப் போய்ப் புடைப்பதை நிறுத்தச் சொன்னாள். பக்கத்து வீட்டில் டிவியை அணைக்கச் சொன்னாள். கட்டியிருந்த நாயை அவிழ்த்துத் துரத்தினாள். கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு வந்து எனக்கு எதிரே, முழங்கால் இடிக்கும் தூரத்தில் உட்கார்ந்தாள். என் வாயையே பார்த்தாள்.

நான் கேட்டேன். உண்மையாகவே கேட்டேன். தகரத்தின் மேல் காற்று போனது. எங்கோ ஒரு ஜீப் கியர் மாற்றியது. ஒரு கோழி காய்ந்த இலையைக் கிளறியது. அதற்கெல்லாம் அடியில் வேறு ஏதாவது இருக்கிறதா என்று, வாழ்க்கையில் முதல் முறையாக, இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுக் கேட்டேன்.

"ஒண்ணுமில்லியா?" என்றாள் மெதுவாக.

"ஒண்ணுமில்லீங்க."

"இன்னும் கொஞ்ச நேரம்."

கதவிடுக்கில் அத்தாவின் கால்கள் தெரிந்தன. கீழே சாலையில் கடைசி பஸ்ஸின் ஹாரன் கேட்டது. ஒருமுறை, பிறகு இன்னொரு முறை. அந்தக் கால்கள் சாலைப் பக்கம் திரும்பின, அப்படியே நின்றன. பஸ் கிளம்பிப் போகும் சத்தம் வளைவில் தேய்ந்து மறையும் வரை அத்தா என்னைக் கூப்பிடவில்லை.